சௌந்திரத்துக்கு நாங்க குடுத்த பங்கு

"ஏனுங்கம்மா, உங்க பங்கை இடிச்சுக் களி கிண்டித் திங்க முடியுமுங்களா?"

என்ற மூஞ்சிக்கு நேராவே கேட்டா சௌந்திரம். அம்பத்தெட்டாம் வருசம், ஆடி மாசம். "மொதலாளி ஆக்கறோம்னா கசக்குதா புள்ள? வாயை மூடிட்டு அடுப்பைப் பாரு"ன்னு நானும் கத்துனேன்.

சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குச் சவ்வரிசி மில்லு. மில்லுன்னா பெருசா நெனைச்சுக்காதீங்க. பதினோரு ஆளு, நாலு அடுப்பு, காயப்போட ஒரு களம். கெழங்கு மாவை உருட்டி இரும்புச் சட்டியில வறுக்கோணும். சட்டி கொஞ்சம் எச்சாக் காஞ்சா செவந்து போயிரும், வியாபாரி தொடமாட்டான். அந்த வேலையில சௌந்திரத்தை அடிச்சுக்க ஆளில்லை. புருசங்காரன் கொல்லிமலைக்கு வேலைக்குப் போனவன், எறங்கவேயில்லை. ரெண்டு பொட்டப்புள்ளைங்க. சந்தைக்கு மொத நாள் நாங்க குடுக்கற ஆறு ரூபாதான், மறுநாள் சந்தையில சோளமா, பருப்பா, உப்பா ஆகிரும். மிச்சம்னு ஒரு காலணா நிக்காது.

கடலைக்காய் புடுங்கற காலம் வந்தாப் பாதி ஆளுங்க காட்டுக்கு ஓடிருவாங்க. அங்க கூலி எச்சு. எங்க அடுப்பு அணைஞ்சு கெடக்கும். என்ற ஊட்டுக்காரர் சேலத்துல யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து, "வேலை செய்யறவங்களுக்கே பங்கு குடுத்தா ஓடமாட்டாங்களாம் பாப்பாயி. நம்ம மில்லுக்கு ஒத்து வருமா?"ன்னார்.

எனக்குப் படிப்பில்லை, திமிர் இருந்துச்சு. "வாரத்துக்கு ஒரு ரூபா கூலியில புடிங்க. வருசம் முடிஞ்சாப் பங்கு. நடுவுல போனா ஒண்ணும் கெடையாது. எப்படி ஓடறாங்கன்னு பாத்தர்றேன்"ன்னேன்.

"மழைக்காலத்துல களம் காயாதே. மில்லு நின்னா என்னத்தைத் திம்பாங்க?"

"அது அவங்க பாடு."

அவரு நாயமாத்தான் கேட்டாரு. நாந்தேன் காதுல வாங்கலை.

ஐப்பசியில மழை புடிச்சுது. பதினெட்டு நாள் களத்துல தண்ணி. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சௌந்திரம் தெப்பமா நனைஞ்சு வந்து நின்னா.

"சின்னவளுக்குக் காச்சலுங்கம்மா. அனலாக் கொதிக்குது. புடிச்ச ரூபாயைக் குடுத்துருங்க. பங்கெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க."

மொத்தம் பதினஞ்சு ரூபா. உள்ள பொட்டியில இருந்துச்சு. "உனக்குக் குடுத்தா அத்தனை பேரும் கேப்பாங்க. வருசம் முடியட்டும்"னேன்.

"அந்தக் காச்சல்கிட்டயும் சொல்லிப்போடுங்கம்மா, வருசம் முடியட்டும்னு." போயிட்டா. அப்பறம் மில்லுப் பக்கம் வரலை.

காதுல கெடந்த தோட்டை வித்து வைத்தியம் பாத்தாளாம். புள்ளை பொழைச்சுக்கிச்சு. நான் காசு குடுக்காதது தெரிஞ்சதும் மத்தவங்களும் ஒண்ணு ரெண்டாக் கழண்டுட்டாங்க. கடலைக்காய் புடுங்கற வரைக்கும்கூட நிக்கலை. புதுசா வந்தவங்க வறுத்ததெல்லாம் செவந்து, ரெண்டு லோடு திரும்பி வந்துச்சு. அறுபத்தொண்ணுல மில்லை வித்தோம்.

"அவ காசைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா"ன்னு அவரு ரெண்டு தடவை சொன்னாரு. எனக்குப் போக மொகமில்லை. அவரு தவறி, காரியமெல்லாம் முடிஞ்ச பொறகுதான் அந்தப் பதினஞ்சு ரூபாயை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுச் சந்தைக்குப் போனேன். சௌந்திரம் சாக்கு விரிச்சு, அவிச்ச கடலைக்காய் வித்துக்கிட்டிருந்தா. காசை நீட்டுனேன்.

"அது உங்க மில்லுப் பங்குங்கம்மா. வேண்டாமுங்க"ன்னு அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போயிட்டா. கோவமாச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரவும் கால் வரலை. "தராசு சொந்தமா புள்ள?"ன்னேன்.

"அன்னைக்குத் தோடு வித்ததுல மருந்துக்குப் போக மிஞ்சுனதுக்கு வாங்குனதுங்க. எட்டரை ரூபா."