மாமாவின் கொபன்ஹவ்ன்

கோப்பன்ஹாகன் என்று ஜெர்மனில் எழுதியிருக்கும் நகரத்தை அங்கே வாழ்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பது, சுவிஸ் ஊஸ்டரில் எங்கள் நாலாம் வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அம்மாவின் தம்பி டென்மார்க்கில் அந்த நகரத்தில்தான் இருந்தார். வகுப்பில் ஒரு நகரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் மாமாவிடம் கேட்டேன். என் பழைய கைபேசிக்குக் குரலிலேயே பதில் அனுப்பினார்.

"வியாபாரிகளின்ர துறைமுகம், அதுதான், பிள்ளை, பேரின்ர அர்த்தம். இஞ்சை கொபன்-ஹவ்ன். பாலம் தாண்டி சுவீடனுக்குப் போனா ஷொப்பன்-ஹம்ன்." பிறகு ஒரு இருமல். "எங்கை, திருப்பிச் சொல்லு பாப்பம்."

நாலு நாள் கழித்து, வேலைக்குச் சைக்கிளில் போன மாமா விபத்தில் இறந்துபோனார். எனக்கு அது பிறகுதான் தெரியும். அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். முன்பு ஒரு குழந்தையை அதே மாதத்தில் இழந்தவர். பிள்ளைத்தாய்ச்சிக்கு எங்கள் ஆட்கள் சாவுச் செய்தி சொல்வதில்லை. அப்பா சொந்தக்காரர் எல்லோருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டு, மாமா கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார், அங்கே அழைப்பு எடுபடாது, குரல் பதிவு மட்டும் வரும் என்று அம்மாவிடம் சொன்னார். பொய் சொல்வதில் அப்பா அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. அதனால் என்னையும் கூட்டுச் சேர்த்தார்.

"பின்னேரத்திலை மாமாவின்ர குரலைப் போட்டுப் படி. அம்மாவுக்குக் கேக்கவேணும். இண்டைக்குத்தான் அனுப்பினவர் எண்டு சொல்லு."

தினமும் பள்ளி விட்டு வந்து போட்டேன். மாமா சொல்வார், இருமுவார், திருப்பிச் சொல்லச் சொல்வார். நானும் சொல்வேன். "சாப்பிட்டவனோ எண்டு கேள்" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். மாமா கொபன்-ஹவ்ன் என்பார். அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நிற்பார். வகுப்பில் பேசி முடிந்த பிறகும் நிறுத்த வேண்டாம் என்றார். ஏனென்று தெரியாமலே எனக்குப் பயம் வந்தது. அறைக்குள் யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போலிருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

ஒருநாள் அம்மா வயிற்றைப் பிடித்தபடி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "போடு" என்றார். சுவீடன் வந்ததும் கையை உயர்த்தினார். மாமா இருமினார்.

"ஒவ்வொரு நாளும் இதே இடத்திலைதான் இருமுறான்."

அம்மா மறுபடி போடச் சொல்லி, மாமாவோடு சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார், ஒரு பிழையும் இல்லாமல். வெளியே அப்பாவின் சாவிச் சத்தம் கேட்டது.

"நான் இதிலை வந்து இருந்ததை அப்பாட்டைச் சொல்லாதை. பாவம் அவர். நாளைக்கும் போடு."

அப்பாவின் ரகசியம் ஒன்று, அம்மாவின் ரகசியம் ஒன்று, இரண்டையும் காப்பாற்றும் பெரிய மனுஷி நான் என்று அன்று ஒரே சந்தோஷம். இரண்டும் ஒரே ரகசியம் என்பது தெரியாமல், தம்பி பிறக்கும்வரை பத்தொன்பது பின்னேரங்கள் மாமாவைப் பேசவைத்தேன்.