சுருங்கிய பாதாம்

ஒன்பது வயது வரை நான் அறிந்த பாதாம் சர்ச் வளாகத்தில் விழும் வாதாங்கொட்டைதான். விரலைக் காவு கொடுத்துக் கல்லால் உடைத்தால், உள்ளே சுண்டுவிரல் நுனியளவு பருப்பு இருக்கும். கொஞ்சம் இளந்தேங்காய் ருசி. அதையும் நாலு பேர் பங்கு வைப்போம்.

அந்த வருஷம் துபாயிலிருந்து லீவில் வந்த மாமா இரண்டு வகைப் பாதாம் கொண்டுவந்தார். கலிபோர்னியா பாதாம் கொழுத்துப் பளபளவென்று இருந்தது. ஈரான் பாதாமோ குட்டையாக, சுருங்கிப்போய், காய்ச்சலில் எழுந்தது மாதிரி இருந்தது. கல்ஃபிலிருந்து ஆள் வந்தால் எங்கள் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் கவர் போயாக வேண்டும். அம்மா கொழுத்ததைக் கவர்களில் போட்டாள். சுருங்கியதை எங்களுக்கென்று ஒரு டப்பாவில் வைத்தாள்.

அத்தை வீட்டுக்கும் ஒரு கவர் இருந்தது. அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்பில் ஜெபம் முடிந்து போட்டோ எடுத்தபோது தன்னைக் கூப்பிடவில்லை என்று ஒரு வருஷமாகப் பேச்சில்லை. புதுக்கடைச் சந்தையில் எதிர்ப்பட்டால் மீனைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். அன்றைக்கெல்லாம் அப்பா சரியாகச் சாப்பிடமாட்டார். கவரைத் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று அம்மாவுக்குக் கவலை. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவைச் சாப்பிடவிடாதவளுக்குக் கொழுத்த பாதாமா?

கவரைக் கொண்டுபோகச் சொன்னது என்னிடம். அம்மா அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து, கவரில் இருந்ததை டப்பாவிலும் டப்பாவில் இருந்ததைக் கவரிலும் மாற்றினேன். வழியில், எனக்கென்று எடுத்துவந்திருந்த கொழுத்தது ஒன்றைக் கடித்தேன். மொறுமொறுப்பு இருந்தது, ருசி சப்பென்றிருந்தது. கவரிலிருந்து சுருங்கியதிலும் ஒன்று. பால் மாதிரி எண்ணெய் விட்டு நாக்கிலேயே நின்றது, கடைசியில் லேசாகக் கசந்தது. அந்தக் கசப்பை வைத்தே மட்டமான சரக்கு என்று முடிவுகட்டினேன். அத்தை வாசலிலேயே கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அத்தை மீன்குழம்பு வாளியோடு எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றாள். பல வருஷம் மஸ்கட்டில் இருந்தவள்.

“ஏட்டி, எல்லா வீட்டுக்கும் கலிபோர்னியா, எனக்கு மட்டும் ஈரானா?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

என் கதை முடிந்தது என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“வெல கூடுன நல்லதப் பாத்து எனக்குன்னு எடுத்து வச்சிருக்கியே. நான்தான் ஒன்ன மனசிலாக்கல்ல.” அத்தை வாளியை அம்மா கையில் கொடுத்தாள்.

சாயாவோடு வைக்க அம்மா டப்பாவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெல்ல மூடினாள்.

“மைனிக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்க?” என்றாள்.

அன்று அப்பா அந்த மீன்குழம்புக்கு மூன்று முறை சோறு வாங்கினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதன்பின் தினமும் காலையில் அம்மா எனக்கு ஐந்து கொழுத்த பாதாம் தந்தாள். அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியோடு தின்றேன். சுருங்கியதை மாமா படிக்கிற பிள்ளைக்கென்று தேடி வாங்கியிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தைக்கு நான் தூக்கிக்கொடுத்தது என் பங்கை.