ஓவசியரின் ஒல்லாந்தத் துவக்கு

கிளிநொச்சிச் சலூனில் என் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வழிக்கப்பட்டிருந்தபோது செய்தி வந்தது. முல்லைத்தீவு பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் வாசலில் நின்றபடி, மரியாம்பிள்ளை ஓவசியர் காலமாகிவிட்டார் என்றார். சோப்பு நுரையோடு எழுந்து நின்றேன். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

ரோட்டு ஓவசியராக வன்னி முழுக்க அலைந்தவர் அவர் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். போன ஊர்களிலெல்லாம் துருப்பிடித்துக் கிடந்த பழைய துவக்குகளை, அந்தக் காலத்துத் துப்பாக்கிகளைத் தேடினார். 'பழைய இரும்பு ஓவசியர்' என்று பட்டம் சூட்டியவர்களில் அடியேனும் ஒருவன். பட்டம் சூட்டப் படிப்புத் தேவையில்லை.

துணுக்காயில் ஒரு வீட்டுக்காரர், வன்னி ராசா காலத்துத் துவக்கு என்று ஒன்றைக் காட்டினார். ஓவசியர் குழலை முகர்ந்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினார். நல்ல சாமான், கவனமாக வைத்திருங்கோ என்று சொல்லித் தேத்தண்ணி குடித்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் கூடப் போயிருந்த என்னிடம் உண்மையைச் சொன்னார்: "ராசா காலத்திலை சைக்கிள் இருந்ததோ தம்பி? அதிலை கிடக்கிறது சைக்கிள் ஆணி. ஆக்கள் கட்டையை மாத்துவினம், குழலை மாத்துவினம், ஆணியிலை பிடிபடுவினம்." வீட்டுக்காரர் முகம் வாடக்கூடாது என்று அவர் மறைத்ததை, அந்தக் கிழமைக்குள் நான் அக்கராயன் வரை பரப்பிவிட்டேன்.

அவருடைய உயிர் ஒரே ஒரு துவக்கில் இருந்தது. தீக்கல்லில் பொறி தட்டி வெடிக்கிற வகை. குழலின் அடியில் ஒல்லாந்தர் முத்திரை, சரித்துப் பிடித்தால் மட்டும் தெரியும். கொழும்பிலிருந்து பழம்பொருள் ஆராயும் அதிகாரி ஒருவர் அதைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு ஒருவரும் பழைய இரும்பு என்று சிரிக்க முடியாது. மாரி தொடங்கித் தன் வீட்டுக் கூரை ஒழுகியதால், அதுவரை ஓவசியர் துவக்கை என் வீட்டில் வைத்தார்.

இடையில் ஆயுத பூசை வந்தது. மண்வெட்டி, கத்தி மினுக்கிய கையோடு, ஓவசியர் வந்து பார்த்து மலைக்கட்டும் என்று புளியும் செங்கல் தூளும் போட்டுத் துவக்கையும் அரைநாள் தேய்த்தேன். சந்தனப் பொட்டும் வைத்தேன்.

ஓவசியர் அதை மடியில் வைத்து, வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார். முத்திரை இல்லை. இரும்பின் மேல் படிந்திருந்த கறுப்புத்தான் அதன் வயது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"வடிவா மினுக்கியிருக்கிறாய்," என்றார்.

அதிகாரி வந்தார். துவக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழையதைச் சேர்க்கிற எவராவது இப்படித் தேய்ப்பாரா, யார் செய்த வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வெற்றிலைக்கும் ஊர்வம்புக்கும் திறந்து பழகிய வாய். அன்று சத்தம் வரவில்லை.

"நான்தான் ஐயா மினுக்கினனான்," என்றார் ஓவசியர்.

அதிகாரி சிரித்துக்கொண்டே குறிப்புப் புத்தகத்தை மூடினார். துவக்கை மினுக்கின துவக்கு நிபுணர் என்ற கதை முல்லைத்தீவுச் சந்தைவரை போனது. சொன்னவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதன் பிறகு ஓவசியர் ஒரு வீட்டிலும் துவக்குக் கேட்டுப் போனதில்லை.

ஒருநாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ ஊரைப் பகிடி பண்ணித் திரியிறவன். ஊர் உன்னைப் பகிடி பண்ணினால் தாங்கமாட்டாய்," என்றார்.

சேமக்காலையில் மண் போட்டபோதும் எனக்கு வாய் வரவில்லை. துவக்குகளை அவருடைய மகள் பொறுப்பேற்றிருக்கிறா. எனக்கென்று மிஞ்சியது அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய். அவரை அறிந்தவர்களே, அந்தத் துவக்கை மினுக்கியது நான்.