தோடு இருக்கும் இடம்

மலேசியாவின் கிள்ளானில் மூட்டுவலி கிளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண்மணி கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இன்று கோழியா மீனா என்பது எங்கள் வரிசைக்கே தெரிந்துவிட்டது.

“காதுல வச்சுப் பேசலாமே அக்கா” என்றேன்.

கோபிக்காமல் முடியை ஒதுக்கிக் காட்டினார். இரண்டு காதுகளும் வீங்கிச் சிவந்திருந்தன. மூக்குத்தண்டு நடுவில் அமுங்கியிருந்தது. காதுச் சோணை மட்டும் இயல்பான நிறத்தில், பெரிய வெள்ளைக்கல் தோட்டோடு இருந்தது.

“காது வீங்குனதுக்குக் கலப்படத் தங்கம்தான் காரணம்னு மாமியார் தோட்டைக் கழட்ட வச்சாங்க. வெறுங்காதோட ஆன்டிபயாட்டிக்கா சாப்பிட்டேன், கேக்கல. இங்க டாக்டர் சோணையை அமுக்கிப் பாத்தாரு, வலிக்கவே இல்ல. அங்க குருத்தெலும்பு கிடையாதாம். நம்ம உடம்பே நம்ம குருத்தெலும்பைத் தாக்குற வியாதியாம் இது. அப்படித்தான் கண்டுபிடிச்சாரு.”

“இப்ப எப்படி இருக்கு?”

“ஸ்டீராய்டு சாப்பிடுறேன். மூச்சுக்குழாய்க்குப் போகாம பாக்கணுமாம்.” குரல் கரகரத்தது. “இந்தக் காதுல அந்த வியாதியால தொட முடியாத இடம் இது ஒண்ணுதான் லா. அங்க நல்லதா போட்டுக்க வேணாமா?”

அவர் வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள். தோட்டின் கல்லை நேராகத் திருப்பிவிட்டு உள்ளே போனார்.

ரயிலில் யாராவது ஸ்பீக்கரில் பேசினால், இன்றும் நான் முதலில் அவர்கள் காதைத்தான் பார்க்கிறேன்.