ஊட்டினால்தான் சாப்பிட்ட பூனை

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். எங்கள் பூனை மணி காய்ச்சலில் விழுந்து சாப்பாட்டையே மறந்தது. மீனை உதிர்த்து விரலில் வைத்து ஊட்டினேன். உடம்பு தேறிய பிறகும் தட்டைத் தொடாமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் மகள் கல்யாணம். பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்காவிடம் மணியை விட்டுப் போனேன். பட்டினி கிடக்குமே என்று பந்தியில் எனக்கே சோறு இறங்கவில்லை. மறுநாளே ஓடிவந்தேன்.

"ஏதும் தின்னுச்சாக்கா?"

"ஊட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மீனைச் சூடுபண்ணித் தட்டுல வச்சுட்டு நான் பாட்டுக்குத் துணி துவைக்கப் போயிட்டேன். செத்த நேரத்துல தட்டு காலி. பொறவு எங்க மீன்சட்டியும் காலி!" என்று அக்கா சிரித்தார்.

இப்போதெல்லாம் வீட்டில் எந்தப் பூனை நோயிலிருந்து தேறினாலும் அதற்கு உணவை வெதுவெதுப்பாக வைத்துவிட்டு அடுக்களையைவிட்டு வெளியேறிவிடுகிறேன். போகத்தான் கால் வராது.