மீட்டரம்மா போட்ட சரளைப் பாதை

அறுபத்து மூன்று சைக்கிள்கள், எண்பது கிலோமீட்டர் சரளை, ஒரே ஒரு நிபந்தனை. ஓர் ஆள் வழி தவறி ஆற்று வளைவிலுள்ள நாணல் மேட்டுக்குள் நுழைந்தாலும் அந்தக் காட்டில் இனிமேல் சைக்கிள் சவாரி கிடையாது. ஒரு முறைக்கு மட்டும் என்று கொடுத்த அனுமதிக் கடிதத்தில் வனச்சரகர் இதைக் கொஞ்சம் மரியாதையான மொழியில் எழுதியிருந்தார். நாணல் மேட்டில் பறவைகள் முட்டையிட்டிருக்கும் பருவம் அது.

பாதையைப் போட்டவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வயது ஐம்பத்து மூன்று. மலைக்கு மேலும் கீழும் எல்லோருக்கும் அவர் மீட்டரம்மா. இருபத்திரண்டு வருடங்களாக அங்குள்ள பண்ணைகள், மரக்கிடங்குகள், ஒற்றை வீடுகள் அத்தனைக்கும் சைக்கிளில் போய், குழி மூடியைத் தூக்கி, உள்ளே குடியிருக்கும் சிலந்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எண்ணைப் படித்து எழுதி வருகிறார். வாரியம் ஒருமுறை மோட்டார் பைக் தருவதாகச் சொன்னது. "வேணாம் சார், நாய்ங்களுக்குப் பிடிக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் பல் டாக்டர் ஒருவர் கைப்பேசி காட்டிய வழியை நம்பிக் காட்டுக்குள் போய், சைக்கிளோடு முழங்கால் ஆழச் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கமாக வந்த மீட்டரம்மா அவரை உற்றுப் பார்த்தார்.

"டாக்டர் தம்பி, போன மாசம் என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினது நீங்கதானே? ஆடாம நில்லுங்க. இப்ப என் முறை."

அன்று அவர் டாக்டரை வெளியே கூட்டிவந்த வழிதான் பிறகு வளர்ந்து எண்பது கிலோமீட்டர் வட்டமானது. ஊசியிலைக் காட்டின் வழியாக ஏறி, மலை முதுகில் ஓடி, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, பாலம் கடந்து ஊருக்குத் திரும்பும் வட்டம். டாக்டர்தான் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்காரர்களிடம் உயரம் அளக்க ஒரு கருவி, இதயம் துடிப்பதை எண்ண ஒரு கருவி என்று எல்லாம் இருந்தன. சரளையைச் சொல்ல மட்டும் வார்த்தை இல்லை. கல்லின் பருமனைப் பார்த்து மீட்டரம்மா கொடுத்தார்: பட்டாணி, எலுமிச்சை, உருளைக்கிழங்கு. பட்டாணிக் கல்லில் வளைவில் பிரேக் பிடிக்கக் கூடாது. எலுமிச்சையில் கைப்பிடியை இறுக்கக் கூடாது. உருளைக்கிழங்கு என்றால் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளிவிட வேண்டும். இப்போது சங்கத்தின் வரைபடத்திலேயே அந்தச் சொற்கள்தான் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மீட்டரம்மாவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

வட்டத்தில் நாற்பத்தொரு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புப் பலகை, கயிற்றில் கட்டித் தொங்கவிட. ஆணி அடிக்கக் கூடாது, சாயம் பூசக் கூடாது என்பது காட்டுச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சவாரி. புதன்கிழமை சாயந்தரம் டாக்டர் முடிதிருத்தும் கடைக்குள் ஓடிவந்தார். கடை மீட்டரம்மாவின் கணவருடையது. வீடு அதன் மாடியில்.

"அக்கா எங்கே? ஞாயித்துக்கிழமை பாலத்துல வேலையாம். பத்தரைக்கு மேல ஒரு ஈ கூடப் போக முடியாதாம்!"

"முதல்ல உக்காருங்க டாக்டர். ஒரு பக்க மீசையோட வந்திருக்கீங்க" என்றார் கணவர்.

"ரெண்டு பக்கமும் இருக்குங்க!"

"இருக்கு, ஆனா ஒரே அளவுல இல்ல. பாக்கவே சங்கடமா இருக்கு."

மீட்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். திட்டப்படி பாலம் எழுபதாவது கிலோமீட்டரில், மதியத்துக்கு மேல்தான் வரும். டாக்டரிடம் தீர்வு தயாராக இருந்தது.

"வட்டத்தைத் திருப்பிடலாம்க்கா. பாலம் பத்தாவது கிலோமீட்டர்லயே வந்துடும். ஒன்பது மணிக்கு எல்லாரும் தாண்டிடுவாங்க. அம்புப் பலகையைத் திருப்பிக் கட்டினா முடிஞ்சுது."

"சட்டையைத் திருப்பிப் போட்டாலே பாக்கெட் இடம் மாறிடுது தம்பி. நான் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா? அந்தக் காட்டுல கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துடுவீங்களே!"

"கண்ணைத் தொறந்துகிட்டே போறேன். சனிக்கிழமை லீவுதான்" என்றார். ஆனால் டாக்டர் சொன்னது நெஞ்சுக்குள் இனித்தது. உண்மையில் அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பலகைகளைத் திருப்பிக் கட்டியபடியே பாலம் தாண்டினார். பள்ளத்தாக்குக்குள் போனார். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மண்சரிவு, சக்கரத்துக்கு அடியில் நல்ல பட்டாணிக் கல். மிதி லேசாக இருந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கால் மணி நேரம் ஓட்டியவர் சட்டென்று நிறுத்தினார். ஆறு வலப்பக்கம் வந்துவிட்டிருந்தது. எதிரே நாணல்.

மீட்டரம்மா வழி தவறியிருந்தார். தான் போட்ட பாதையில், நுழையவே கூடாத இடத்தின் வாசலில் நின்றார்.

வந்த வழியே திரும்பி அந்தப் பிரிவுக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. வழக்கமாக அவர் வரும் திசையில் அங்கே பிரிவே கிடையாது. நாணல் மேட்டுப் பாதை பின்தோளுக்கு அந்தப் பக்கமாக, கூரிய கோணத்தில் வந்து சேரும். கண்ணில் படாது. எதிர்த்திசையில் வந்தால் அதுவே முகத்துக்கு நேரே அகன்று கிடக்கிறது. சரியான வழிதான் புதருக்குப் பக்கத்தில் பதுங்கியிருக்கிறது. வாரியத்தின் மீட்டர் புத்தகத்தில் வீடுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில்தான் இருபத்திரண்டு வருடமும் போயிருக்கிறார். மலை ஏறி ஆற்றில் இறங்குவார். ஒருநாள் கூட ஆற்றில் தொடங்கி மலைக்குப் போனதில்லை. புத்தகத்தை யாராவது பின்னாலிருந்து படிப்பார்களா?

"பாதி ஊரைத்தான்டி உனக்குத் தெரியும்" என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

மீதி வட்டத்தை முடிப்பதற்குள் இப்படிப் பத்தொன்பது பிரிவுகள் அகப்பட்டன. பலகை ஒன்றுகூட மிச்சமில்லை. நடுவே மலை முதுகில் சிக்னல் கிடைத்ததுமே கணவரை அழைத்தார்.

"என்னங்க, கடையில கழுத்துல கட்டுற துணி பழசு எத்தனை கிடக்கு?"

"ஏன், காட்டுல கரடிக்கு முடி வெட்டப் போறியா?"

"விளையாடாதீங்க. நாணல் மேட்டுக்கு நானே போயிட்டேன்."

அந்தப் பக்கம் கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அங்கேயே இரு, வர்றேன்" என்றார். நாற்காலியில் பாதி முடி வெட்டிய வாடிக்கையாளரை மன்னிப்போடு எழுப்பிவிட்டு, ஸ்கூட்டரில் ஆறு நீலத் துணிகளும் கத்தரிக்கோலுமாக வந்து சேர்ந்தார். கத்தரிப்பது அவர் தொழில். நேர்கோட்டில் பட்டை பட்டையாக விழுந்தது துணி. தப்பான வழி ஒவ்வொன்றின் குறுக்கேயும் இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை. சரியான வழியின் தொடக்கத்தில், ஓரக் கிளையில் இன்னொன்று. சூரியன் சாயுமுன் பத்தொன்பதும் முடிந்தன.

மறுநாள் காலை புறப்படும் இடத்தில் கூட்டம் சலசலத்தது. வனச்சரகர் அம்மாவும் ஜீப்பில் வந்து இறங்கினார். மீட்டரம்மா ஒலிபெருக்கியைக் கேட்டார். டாக்டர் காதோடு சொன்னார், "துணி கட்டியாச்சுல்லக்கா. நேத்து நடந்ததை மட்டும் சொல்லாதீங்க. அந்தம்மா இப்பவே ரத்து பண்ணிடுவாங்க."

"சொல்லலைன்னா இவங்க துணியை அலங்காரம்னு நினைச்சுப்பாங்க தம்பி."

ஒலிபெருக்கியை வாங்கினார். "வணக்கம். இந்தப் பாதையை நான் போட்டேன். நேத்து இதுல நானே தொலைஞ்சு போனேன்." கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. "பதினாலாவது கிலோமீட்டர். அகலமா, அழகா ஒரு வழி உங்களைக் கூப்பிடும். போகாதீங்க. நீலத் துணி குறுக்கே கட்டியிருந்தா அது நான் தப்பு பண்ணின இடம்னு அர்த்தம். உங்க கருவியை நம்பாதீங்க, என்னையும் நம்பாதீங்க, துணியை நம்புங்க."

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். வனச்சரகர் மட்டும் தட்டவில்லை. "ஜீப்புல ஏறுங்க. அந்த இடத்தை நான் பாக்கணும்" என்றார்.

இருவரும் பிரிவில் போய் நின்றார்கள். வனச்சரகர் நாணல் பக்கம், மீட்டரம்மா புதர்ப் பக்கம். முதல் சைக்கிள் காற்றுப்போல வந்தது. ஓட்டியவர் அகன்ற வழியைப் பார்த்தார். முன்சக்கரம் அந்தப் பக்கம் அரை அடி சாய்ந்தது. நீலத்தைக் கண்டதும் "மீட்டரம்மா!" என்று கத்திக்கொண்டே புதர்ப் பக்கம் திருப்பினார். அடுத்தவரும் கத்தினார். பிறகு அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மீட்டரம்மா உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. அதற்குப் பிறகு பாதை வெறிச்சோடியது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வனச்சரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பேர் இல்லையா?"

"ஒருத்தர் டாக்டர். கடைசியா வர்றவர் அவர்தான்." மீட்டரம்மா பாதையில் இரண்டடி முன்னே வந்து எட்டிப் பார்த்தார். "இன்னொருத்தர் அவருக்கு முன்னாடி வந்திருக்கணும்."

இருபது நிமிடம் கழித்து வளைவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். நடந்து வந்தார்கள். டயர் கிழிந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பள்ளி ஆசிரியை, பக்கத்தில் அவருடைய பையைச் சுமந்து, தன் சைக்கிளையும் தள்ளி வியர்த்துக் கொட்டும் டாக்டர்.

"உருளைக்கிழங்குல இறங்கித் தள்ளச் சொன்னீங்களேம்மா. நான் கேக்கல" என்றார் ஆசிரியை.

மீட்டரம்மா சிரிக்கவில்லை. முதலில் அறுபத்து மூன்று என்று சத்தமாகச் சொன்னார். பிறகுதான் சிரித்தார்.

வனச்சரகர் ஜீப்பின் முன்பக்கத்தில் அனுமதிக் கடிதத்தை விரித்து, 'ஒரு முறை மட்டும்' என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "பத்து வருஷமா இந்தக் காட்டுல இருக்கேன். இந்த முனையை நானும் இந்தப் பக்கமிருந்து பாத்ததில்ல. எங்க காவலர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் வருவீங்களா?"

"ஒரு நாள் போதாது மேடம்" என்றார் மீட்டரம்மா, கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி. "போக ஒரு நாள், வர ஒரு நாள்."