செடில் குத்திய முதுகோடு ஒபரேஷனுக்குப் போனேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால், நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா சமயத்தில் நடந்தது இது. அப்போது நான் பைலட் லைசன்ஸை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஹட்டனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். லைசன்ஸ் கிடைத்த கையோடு வேலையும் கிடைத்துவிடும் என்று நம்பியவன்தான் நானும். பஸ்ஸில் ஏறினால் போதும், "என்னா தம்பி, ஒன் பிளேன் இன்னும் வரலியா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நானும் பல்லைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடைசியில் பிளேன் வந்தது. கொழும்பில் ஒரு விமானக் கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்து, அடுத்த மாதமே பயிற்சிக்கு வரச் சொன்னது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் சொன்னேன். கூடையைக்கூட இறக்கவில்லை, அப்படியே நின்று அழுதாள். அழுது முடித்ததும் முதல் வார்த்தையாக, "ஆத்தாவுக்குச் சொன்னத செஞ்சிரணும்டா" என்றாள்.

அம்மா சொன்னது பறவைக்காவடியை. நான் பைலட் படிக்கப் போன நாளிலேயே, மகனுக்கு வேலை கிடைத்தால் அவன் பறவைக்காவடி எடுப்பான் என்று எங்கள் மாரியம்மனிடம் நேர்ந்துவிட்டாளாம். முதுகிலும் காலிலும் செடில் என்கிற கொக்கிகளைக் குத்தி, டிரக்டரில் கட்டிய மரத்திலிருந்து ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு, தோட்டத்தைச் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். எடுக்கப் போவது நான், நேர்ந்துகொண்டது அம்மா. எங்கள் வீட்டில் எப்போதுமே அப்படித்தான்.

எடுத்துவிட்டுப் போகலாம், அதில் எனக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. சில மாதமாக என் அடிவயிற்றில் வலது பக்கம் ஒரு சின்ன வீக்கம். இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். கண்டியில் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டினேன். குடலிறக்கம் என்றார். இப்போதைக்கு அவசரமில்லை, ஆனால் தானாக ஆறவே ஆறாது, என்றைக்காவது குடல் அதில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். உள்ளே ஒரு வலையை வைத்துத் தைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகு சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, விமானம் ஓட்டுவதைப் பற்றி நினைக்கவும் கூடாது.

இதைச் செய்துகொண்டு வேலைக்குப் போவதா, வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டுச் செய்துகொள்வதா? என்னோடு படித்த ஒருவன், "மொதல்ல போய் சேரு, பெர்மனன்ட் ஆனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நடுவானத்தில் குடல் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன், அவன் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டான். கம்பெனியிடம் கேட்கலாம் என்றால் பயம். நான் வாயைத் திறந்த நிமிடமே வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவனைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று.

கடைசியில் நானே ஒரு திட்டம் போட்டேன். முதலில் காவடி. அது முடிந்த சில நாளில் ஒபரேஷன். படுத்து எழும்பியதும் கொழும்பு. கலண்டரில் எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. டொக்டரிடம் காவடியைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பார். அம்மாவிடம் குடலிறக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குக் கூடி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கம்பெனியிடம் இரண்டையுமே சொல்லவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் நான் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

திருவிழா அன்று நல்ல மழை. மேளம் ஒரு பக்கம், "அரோகரா" சத்தம் ஒரு பக்கம். செடில் குத்தியபோதுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. தொழிற்சாலை வளைவில் டிரக்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்பியதே, அப்போதுதான் பிடித்தது சனி. வயிற்றுப் பாரம் முழுக்கக் கீழே இழுக்க, வீக்கம் கல் மாதிரி வெளியே தள்ளி நின்றுவிட்டது. அப்படி ஒரு வலி. நான் கத்தினேன். நான் கத்தியதைப் பார்த்த சனம் எனக்கு அருள் வந்துவிட்டது என்று இன்னும் பலமாக அரோகரா போட்டது. கீழே குடை பிடித்து நடந்துவந்த அம்மா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம் என்ன சொல்ல?

கோயிலில் இறக்கிச் செடிலைக் கழற்றியதும் அப்படியே மல்லாந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் வீக்கம் மெல்ல உள்ளே போய்விட்டது. தப்பித்தோம்டா சாமி என்று பெருமூச்சு விட்டேன். என்னோடு காவடி எடுத்தவர்களுக்கெல்லாம் செடில் குத்திய இடம் சீக்கிரம் காய்ந்துவிட்டது. நான் ஈரச் சட்டையோடு அங்கும் இங்கும் அலைந்தவன். இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு எட்டாத இடம், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலைக்குப் போட்டுக்கொண்டு போகச் சப்பாத்து வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த அந்தக் கவுனை மாட்டிவிட்டு உட்கார வைத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் ஒரு சிங்கள அம்மா, எங்கள் அம்மா வயசிருக்கும். முதுகெலும்பில் ஒரு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் அன்பாகச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டச் சொன்னார். திரும்பி உட்கார்ந்தேன். கவுனை விலக்கிய கை அப்படியே நின்றது.

"மே மொகத புதே?" என்றார். இது என்ன மகனே என்று.

வரிசையாக இரண்டு பக்கமும் செடில் குத்திய தழும்பு. அதில் ஒன்றை லேசாக அமுக்கினார், நான் துள்ளிவிட்டேன். சீழ். ஊசி போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே. ஒபரேஷன் செய்ய வேண்டிய டொக்டரும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் விட்ட டோஸை இங்கே எழுத முடியாது. சீழ் இருக்கிற முதுகில் ஊசி போட முடியாது, சீழ் இருக்கிற உடம்புக்குள் வலை வைத்தால் வலையும் சேர்ந்து பழுதாகிவிடும், புண் முழுக்க ஆறிய பிறகு வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புண் ஆறி, ஒபரேஷன் முடிந்து, அதுவும் ஆறி நான் எழும்பும்போது கொழும்பில் பயிற்சி தொடங்கி நாளாகியிருக்கும்.

நான் அழுதுவிட்டேன். வெட்கம் பார்க்காமல், சின்னப் பிள்ளை மாதிரி, அந்தக் கவுனோடு கட்டிலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அத்தனை வருடம் காத்திருந்தது கையில் வந்து வழுக்கிப் போகிறதே!

அந்த டொக்டரம்மா போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, "கம்பெனி என்ன சொன்னது?" என்றார்.

"நான் கேட்கவில்லை."

"கேட்காமலே அவர்களுடைய பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்களா?" என்றார். பிறகு கொஞ்சம் கறாராக, "நீங்கள் ஓட்டுகிற விமானத்தில் நானும் ஒரு நாள் ஏறுவேன் மகன். ஃபோனை எடுங்கள்" என்றார்.

அவர் முன்னாலேயே எடுத்தேன். பயிற்சிக்குப் பொறுப்பான கேப்டன் பேசினார். குடலிறக்கம், காவடி, சீழ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"தொங்கும்போது முகம் கீழே பார்த்தா இருந்தது?" என்று கேட்டார்.

"ஆமாம் சேர்."

"தலை சுற்றவில்லையா?"

"இல்லை சேர்."

"அப்படியென்றால் எங்களுக்குத் தேவையான ஆள்தான்" என்று சிரித்தார் பாருங்கள், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முதல் சில வாரம் வெறும் வகுப்புத்தானாம். "வகுப்பில் உட்கார்ந்து படிக்க வயிறு என்ன செய்யும்? வந்து சேருங்கள். பைலட்மாரைப் பார்க்கிற எங்கள் டொக்டரிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். புண் ஆறியதும் ஒபரேஷனைச் செய்துகொள்ளுங்கள், அவர் சரி என்ற பிறகு மற்றப் பயிற்சி. பிந்தினால் அடுத்த குழுவோடு போகலாம்" என்றார். கடைசியில் குரலை மாற்றி, "இதை மறைத்துக்கொண்டு வந்து பிறகு எங்களுக்குத் தெரியவந்திருந்தால், அன்றைக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றும் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் டொக்டரம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். பின்பக்கம் திறந்த கவுன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு எழும்பி வந்துவிட்டாள்.

"வயித்துல ஓட்டைய வச்சுக்கிட்டா தொங்குன? அட பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பால்கொடம் எடுத்திருப்பேன்ல? ஆத்தா என்னா கணக்கப்பிள்ளையா, கொறைஞ்சா அரப்பேரு போடுறதுக்கு?"

கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான் என்று கணக்கப்பிள்ளை பேர் போடுவாரே, அதைச் சொன்னாள். வாழ்நாள் முழுக்க நிறை போட்டுக் கொடுத்தவள், அம்மனிடம் மட்டும் அந்தப் பயம் இல்லாமல் இருந்திருக்கிறாள். திட்டி முடித்ததும் என் முதுகைத் திருப்பி வைத்து, சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு புண்ணாக ஒற்றி எடுத்தாள். அப்போது அவளும் அழுதாள். மறுநாள் காலைப் பெரட்டில் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதில் மட்டும் என் கணக்குத் தப்பவில்லை.

அப்புறம் எல்லாம் அந்தக் கேப்டன் சொன்னபடியே நடந்தது. வகுப்புக்குப் போனேன். புண் ஆறியதும் ஒபரேஷனும் முடிந்தது. விமானப் பயிற்சிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போனேன், ஆனால் போனேன். அடுத்த திருவிழாவில் அம்மா பால்குடம் எடுத்தாள், நான் குடை பிடித்து நடந்தேன்.

இப்போது ஒவ்வொரு தடவையும் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு நடப்பார்கள். நான் லேசான தடுமன், மூக்கடைப்பு இருந்தாலும் சொல்லிவிடுவேன், கேலி செய்தாலும் பரவாயில்லை. கண்டியில் முதுகைத் திருப்பிக் காட்டிய அன்றைக்கு வேலை போய்விட்டது என்றுதான் அழுதேன். அது என் கைக்கு நிஜமாகவே வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்று, விமானம் தரையை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.